கவர்னரின் வாரிசுகள்: ரோசியுடன் பொகவந்தலாவைக்கு

சென்ற ஆகஸ்டில் நான் பொகவந்தலாவைக்குப் போனது தேயிலை பார்க்க அல்ல, ஒரு பெட்டைக் குதிரைக்கு மாப்பிள்ளை பார்க்க. குதிரை நண்பர் யோகனுடையது. நுவரெலியா ஏரிக்கரையில் சுற்றுலா வருபவர்களின் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக்காட்டிப் பிழைப்பவர். ரோசிக்கு வயது பதினான்கு, முழங்கால்கள் தளர்ந்துவிட்டன. இன்னும் ஒரு குட்டிதான் தாங்கும் என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். அந்த ஒரு குட்டிதான் இனி அவர் குடும்பத்துக்குச் சோறு போட வேண்டும். குதிரை வளர்ப்பு பற்றி நான் இரண்டு புத்தகங்கள் படித்திருக்கிறேன், குதிரை மேல் உட்கார்ந்ததே இல்லை. ஆலோசகராக இருக்க இது தாராளமான தகுதி.

காலை ஆறு மணிக்கு லொறியில் கிளம்பினோம். போகவர வாடகை இருபத்தையாயிரம். தலவாக்கலை, ஹட்டன், நோர்வூட் வழியாக, ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். வளைவுகளில் ரோசி நின்றபடி எங்களைவிட நன்றாகவே சமாளித்தது.

"கவர்னர் ஏப்ரல் ரேஸ்ல ஜெயிச்சவன் அண்ணே. இதுக்கு மேல என்னா வேணும்?" என்றார் யோகன். கவர்னர் என்பது மாப்பிள்ளைக் குதிரை. ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர் அந்தோணியுடையது.

ஜெயித்தது கவர்னரின் சொந்த விஷயம் என்றேன். நல்ல தீனி, நல்ல ஜொக்கி, மற்றக் குதிரைகளின் கெட்ட நேரம் எல்லாம் அதில் சேர்த்தி. பிள்ளைக்குக் கொடுப்பது வேறு கணக்கு. காளை பால் கறக்காது, ஆனால் மகள் கறக்கும் பாலில் பாதிப் பங்கு அதனுடையது. ஒரு பொலிகுதிரை எதைக் கடத்தும் என்பதை அதன் முகத்தில் படிக்க முடியாது. வெவ்வேறு தாய்களுக்குப் பிறந்த பிள்ளைகளிடம்தான் படிக்க வேண்டும். இதற்கு இனவிருத்தி மதிப்பு என்று பெயர்.

"எங்கப்பா தப்பு மேளம் அடிச்சா ஊரே ஆடும். நான் அடிச்சா ரோசி காத மடக்குது. அதுவா?"

"அதேதான்."

பத்தரைக்குப் பொகவந்தலாவைக் கடைத்தெரு. அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் மேலே, ஹோட்டலாக மாறிவிட்ட ஒரு பழைய துரை பங்களாவில், கவர்னரின் பிள்ளைகள் இரண்டு இருந்தன. ஒன்று ஆண், ஒன்று பெண். தாய்கள் வெவ்வேறு. லொறி எங்களையும் ரோசியையும் இறக்கிவிட்டு, கீழ்ப் பாதையால் சுற்றிக்கொண்டு கிளாக்கர் வீட்டுக்குப் போய்விட்டது. பங்களாவிலிருந்து அவர் வீட்டுக்குத் தேயிலை நடுவே ஒரு குறுக்குப் பாதை இறங்குகிறது. ஒரு கிலோமீட்டர், நடந்துதான் போக வேண்டும்.

குதிரைக்காரர் சகாயம் இரண்டையும் சேணமில்லாமல் அந்தப் பாதையில் நடத்திக் காட்டினார். நல்ல மார்பு, நேரான கால். நான் தலையாட்டிக்கொண்டிருந்தபோது பனி இறங்கியது. ஒரு வளைவில் இரண்டும் ஒரே சமயத்தில் நின்றன. கழுத்தைத் தாழ்த்தின. ஆள் ஏறும்போது குதிரை பாரத்துக்காகக் காலை அகட்டி நிற்குமே, அப்படி நின்றன. பிறகு நடந்தன, மெதுவாக, குளம்புகள் சேற்றில் ஆழமாகப் பதிய. முதுகில் யாருமில்லை.

"அது என்னாங்க?" என்றார் யோகன்.

"பனி விழுந்தா இப்புடித்தான். சின்னப் பாலத்துகிட்ட எறங்கிருவாங்க," என்றார் சகாயம்.

"யாரு?"

"அதெல்லாம் நாங்க கேக்கிறதில்லீங்க. அவங்களும் சொல்றதில்ல."

பாலத்தருகே இரண்டும் நின்று, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, லேசாக நடந்தன. கவர்னர் இப்படிச் செய்யுமா என்று கேட்டேன். கவர்னர் பிறந்தது வேறு ஊர், கிளாக்கர் அதை இந்தப் பக்கம் விடுவதே இல்லை என்றார் சகாயம். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. தகப்பன் காட்டாத குணம், இரண்டு தாய்களின் பிள்ளைகளிலும் ஒரே மாதிரி. இரத்தத்தில் இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னேன்.

யோகனின் முகம் சுருங்கிவிட்டது. "ஏரிக்கரையில புள்ளைய வச்சிக்கிட்டு இப்புடி நின்னுச்சுன்னா எவன் அண்ணே ஏறுவான்? வேணாம், திரும்பிருவோம்."

திரும்பிப் போவதற்கும் லொறி வேண்டும், லொறி கீழே கிளாக்கர் வீட்டில் நின்றது. ரோசியைப் பிடித்துக்கொண்டு அதே பாதையில் இறங்கினோம். அந்த வளைவு வந்தது. ரோசி நின்றது. கழுத்தைத் தாழ்த்தியது. தளர்ந்த முழங்கால்களை அகட்டியது. கயிறு பிடித்திருந்த யோகன் இழுக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. பாலம் வரை அதன் மூச்சு, மூட்டை சுமப்பவரின் மூச்சாக இருந்தது. அங்கே சிலிர்த்துக்கொண்டது.



"ரோசி கவர்னருக்குச் சொந்தமா அண்ணே?"

"இல்ல."

"அப்ப இது ரத்தத்துல இல்ல."

இல்லைதான். என்னுடையது பாடப்புத்தகத் தவறு. ஒரே இடத்தில் வளரும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, இடத்தின் குணத்தைத் தகப்பன் கணக்கில் எழுதியிருந்தேன். சொந்தமில்லாத ஒரு குதிரையையும் அதே பாதையில் நடத்திப் பார்த்திருக்க வேண்டும்.

"ரத்தத்துல இல்லன்னா போதுங்க," என்றார் யோகன். "பாதைய நம்ம நுவரெலியாவுக்குக் கொண்டு போகப் போறதில்லையே."

கிளாக்கர் வீட்டில் கவர்னரும் ரோசியும் எந்தச் சிக்கலும் வைக்கவில்லை. ரோசி சினைப்பட்டிருப்பதாக மிருக வைத்தியர் பிறகு உறுதிசெய்தார்.

போக நினைப்பவர்களுக்கு: கடைத்தெருவிலிருந்து பங்களாவுக்கு முச்சக்கர வண்டி கிடைக்கும், வாடகையை முன்பே பேசிக்கொள்ளுங்கள். மதியத்துக்குள் பார்த்து முடித்துவிடுங்கள். குட்டிக்காகப் போகிறவர்கள் தகப்பன் ரேஸில் ஜெயித்த கோப்பையைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பாருங்கள், அவை வெவ்வேறு இடங்களில் வளர்ந்தவையா என்றும் கேளுங்கள். நடந்து போகிறவர்களுக்குக் குறுக்குப் பாதை நல்ல பாதை. குதிரையோடு போகிறவர்கள் கீழ்ப் பாதையையே எடுங்கள்.

நாங்களும் கீழ்ப் பாதையால்தான் திரும்பினோம். ரோசியை லொறியில் ஏற்றியபோது பனி மறுபடி இறங்கிக்கொண்டிருந்தது. பின்பலகையைச் சாத்துவதற்கு முன் யோகன் தன் சுவெட்டரைக் கழற்றி, ரோசியின் வெற்று முதுகில் விரித்துப் போட்டார், பஸ்ஸில் இடம் பிடிக்கப் போடுவதுபோல.