தம்பி காதில் விழக்கூடாத பேச்சு

எங்கள் வவாவு தீவில் டாக்டர் செமிசி ஃபீனாவ் கை படாத குழந்தை இல்லை. நியூசிலாந்தில் படித்து, அங்கேயே தங்கிவிடாமல் எங்களிடம் திரும்பி வந்தவர். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தோம், கதவைச் சாத்தினோம் என்று இருக்கிறவர் அல்ல. எங்கள் பெண்கள் ஏன் நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்ற ஒரு கேள்வி அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

வெளிநாட்டிலிருந்து இதை ஆராய வந்தவர்கள் கப்பல் கட்டணம், அறியாமை என்று காரணம் எழுதிவிட்டுப் போனார்கள். டாக்டர் வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு பாயில் உட்கார்ந்து கேட்டார். கிடைத்த பதில் வேறு. அக்காவும் தம்பியும் இருக்கும் இடத்தில் உடம்பைப் பற்றி ஒரு சொல் எழக்கூடாது என்பது எங்கள் மரியாதை. அதனால் அடிவயிற்றில் நெருப்பு எரிந்தாலும் எங்கள் பெண்கள் தலைவலி என்றுதான் சொல்வார்கள். இதை அவர் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார். வெளிநாட்டுப் பத்திரிகையில் அச்சானது. உள்ளூர் வானொலி அவரை வெள்ளிக்கிழமை காலைதோறும் பேச அழைத்தது.

அந்தப் பேச்சுதான் வினையானது.

ஒரு வெள்ளிக்கிழமை, சும்மா புத்தி சொன்னால் யார் கேட்பார்கள் என்று, ஓர் உண்மைக் கதையைச் சொன்னார். பாய் முடையும் ஒரு விதவை. கணவனைக் கடல் கொண்டுபோயிற்று. மாதவிலக்கு நின்று பல காலம் கழித்து மறுபடி இரத்தம் கண்டது. தம்பிக்குத் தெரிந்துவிடுமே என்று மறைத்தே வைத்திருந்தாள். நல்லவேளை, தலைநகரில் ஆபரேஷனுக்கு ஏற்பாடாகிவிட்டது, அடுத்த கப்பலில் போகிறாள்.

வானொலி நிலையத்திலிருந்து விசிலடித்தபடி வந்த டாக்டரை நர்ஸ் லோசா ஆஸ்பத்திரி வாசலிலேயே மறித்தாள்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க டாக்டர்!"

"நான் பேரே சொல்லலையே லோசா."

"பேரு ஒண்ணுதான் சொல்லல. அடுத்த கப்பல்ல ஆபரேஷனுக்குப் போற விதவை இந்தத் தீவுல எத்தனை பேரு? நாயிகூட நேரா அதெலைதே வீட்டு வாசல்ல போய் நிக்கும்."

டாக்டரின் முகம் வெளிறியது. "அவ கேட்டாளா?"

"அவ கேட்டாக்கூடப் பரவாயில்ல. அவ தம்பி பெனிசிமானி கேட்டான். அக்காவுக்குக் கிழங்கு கொண்டாந்திருக்கான். நம்ம டாக்டர் பேசுறாருன்னு ரேடியோ சத்தத்த அவனே கூட்டி வெச்சானாம்."

"இப்ப அவன் எங்க?"

"கிழங்க அப்படியே போட்டுட்டு ஓடிட்டான். படகுக் கொட்டகையில படுத்துக் கெடக்கான். அவ கப்பல் ஏற மாட்டாளாம். செத்தாலும் இங்கயே சாகுறேன்னு சொல்லியனுப்பிட்டா."

"ஐயோ, கட்டி இப்ப சின்னதா இருக்கு லோசா. எடுத்துட்டா பிழைச்சுக்குவா. தள்ளிப்போட்டா போயிடுவா."

"அதையும் ரேடியோவுல சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு லோசா உள்ளே போய்விட்டாள்.

சகோதரன் காதில் விழுவதைவிடச் சாவு மேல் என்று எங்கள் பெண்கள் நினைக்கிறார்கள். அவருடைய கட்டுரையிலேயே இருந்த வரி அது. ஊருக்கெல்லாம் கண்டுபிடித்துச் சொன்ன உண்மையைத் தன் வாய்க்குச் சொல்ல மறந்தாரே! அந்த வெட்கம் அவரைச் சாப்பிடவிடவில்லை, கண்ணாடியில் முகம் பார்க்கவிடவில்லை.

மறுநாள், ஊர் பார்க்க, டாக்டர் இடுப்பில் கிழிந்த பழம்பாயைச் சுற்றி, கழுத்தில் இஃபி மரத்து இலைகளால் கட்டிய மாலை போட்டுக்கொண்டு, அதெலைதேயின் முற்றத்து மண்ணில் போய் உட்கார்ந்தார். தலை மடியைத் தொட்டது. மன்னிப்புக் கேட்க எங்களிடம் இதைவிடப் பெரிய வழி கிடையாது. தவறு செய்தவன் பேசக்கூடாது. காயப்பட்டவர் வந்து மாலையை எடுத்தால் மன்னிப்பு.

செய்தி கேட்டு முதலில் ஓடி வந்தவன் பெனிசிமானி.

"எந்திரிங்க டாக்டர். என் மகளப் பிரசவத்துல காப்பாத்துன கையி இது. நீங்க மண்ணுல உக்காந்தா எனக்குத்தான் பாவம்." மாலையை எடுக்கக் கை நீட்டியவன் சட்டென்று இழுத்துக்கொண்டான். "இத எடுக்க வேண்டியது நான் இல்ல."

வீட்டுப் பக்கம் திரும்ப அவனுக்குத் தைரியம் இல்லை. சீமைப்பலா மரத்தைப் பார்த்து உரக்கச் சொன்னான்: "செவ்வாக்கெழம கப்பல் போகுது. யாராச்சும் போறதா இருந்தா, பெட்டி தூக்க ஆளு இருக்கு."

சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நின்றான். அந்த முதுகு குலுங்கியது.

வெகுநேரம் கழித்து அதெலைதே வெளியே வந்தாள்.

"ரேடியோவுல என்னப் பத்தி அவ்வளவு நீளமாப் பேசினீங்களே. இப்ப வாயே திறக்கல?"

டாக்டரின் கண்ணீர் இலைகள்மேல் விழுந்தது.

"பெத்தவகிட்டகூடச் சொல்லாதத உங்ககிட்டச் சொன்னேன் டாக்டர். உங்க கதவு சாத்தியிருக்குன்னு நம்பித்தானே சொன்னேன்?" அவள் குரல் உடைந்தது. முந்தானை இல்லாத எங்கள் பெண்கள் அழுகையைக் கையால்தான் மறைக்க வேண்டும். மறைத்தாள். பிறகு சொன்னாள்: "நான் போறேன். உங்களுக்காக இல்ல. அதோ, மரத்துகிட்டப் பேசுறானே, அவனுக்காக."

டாக்டர் நம்பிக்கையோடு தலை நிமிர்ந்தார். அவள் கை மாலையைத் தொடவில்லை.

"இது இப்படியே இருக்கட்டும். உசுரோட திரும்பி வந்தா நானே எடுக்கிறேன்." கதவு சாத்திக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை பெனிசிமானி பெட்டியோடு முன்னால் நடக்க, அக்கா பின்னால் நடந்தாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும், கப்பல் புள்ளியாகும்வரை அவன் துறைமுகத்தைவிட்டு அசையவில்லை. டாக்டர் சேப்பங்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால், அவள் கண்ணில் படாமல் நின்றிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் பேசப் போகவில்லை; அந்த நேரத்தில் வானொலியில் தேவாலயக் கீர்த்தனை ஓடியது. மருத்துவமனையில் உடம்பைக் காட்ட வந்த ஒரு பெரியவர் டாக்டரின் கழுத்தை உற்றுப் பார்த்தார்.

"இலையெல்லாம் கருகிப்போச்சே டாக்டர். கழட்டிப் போட்டாத்தான் என்ன?"

"கழட்ட வேண்டியவங்க தலைநகர் ஆஸ்பத்திரியில இருக்காங்க ஐயா" என்றார் டாக்டர். சொன்ன பிறகு, அதுகூட அவளைப் பற்றிய பேச்சுதான் என்று உறைத்தது. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, குனிந்த தலையோடு பெரியவருடைய நாடியைப் பிடித்தார்.