தூணோரத்து ஃபிளாஷ்

கல்யாண வீடு என்றாலே எனக்கு இப்போதும் கால் வலிக்கிறது. பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம் சிரித்துப் பேசி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, அவர்கள் படி இறங்கியதும் ‘ஐயோ, இன்னொன்றா’ என்று உட்கார்ந்துவிடுகிறேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்தவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே பாதி வயதைக் கழித்தவள் நான். பந்தியில் கடைசி ஆளாக உட்கார்ந்து, பருப்பும் தீர்ந்து பாயசமும் தீர்ந்து, ஆறிப்போன சோற்றில் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்த கல்யாணங்கள்தான் அதிகம்.

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் ஸ்டூடியோ. கீழே தொழில், மேலே குடித்தனம். என் வீட்டுக்காரர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, அரிசிக்கடைக்காரர்கள், துணிக்கடைக்காரர்கள் வீட்டு விசேஷங்களைப் படம் பிடித்துப் பேர் எடுத்தவர். முகூர்த்த நாட்களில் லைட் பிடிக்க ஆள் கிடைக்காது. அப்போதெல்லாம் நான்தான் ஆள். ஒரு கையில் ஃபிளாஷ், தோளில் பேட்டரிப் பை, காலில் சுற்றிக்கொள்ளும் வயர். “கொஞ்சம் மேல, இன்னும் மேல” என்பார். மேலே தூக்க எனக்கென்ன ஆறடி உயரமா?

பிறகு ஸ்லேவ் என்று ஒன்று வந்தது. வயரே வேண்டாம். ஒரு ஃபிளாஷைத் தனியாக ஸ்டாண்டில் நிறுத்திவிட்டால் போதும். அதன் அடியில் கட்டைவிரல் அளவில் ஒரு கண் இருக்கும். கேமராவிலுள்ள ஃபிளாஷ் அடித்ததும் அந்த வெளிச்சத்தைக் கண்டு இதுவும் கூடவே அடிக்கும். அப்பாடா, இனி என் கைக்கு ஓய்வு என்று நினைத்தேன். எங்கே! அந்தச் சனியனுக்கு எது தன் ஆள், எது அடுத்தவன் ஆள் என்று தெரியாது. யார் அடித்தாலும் பதிலுக்கு அடிக்கும். ஜன்னல் வெயில் கண்ணில் விழுந்தால் ஒன்றும் தெரியாமல் விழிக்கும். வித்துராவில் ஒரு கல்யாணத்தில் மழை பிடித்துக்கொண்டது. வெளியே மின்னல் வெட்டும்போதெல்லாம் மண்டபத்துக்குள் எங்கள் ஃபிளாஷும் சேர்ந்து வெட்டியது. பெண் வீட்டார் எங்களைத்தான் முறைத்தார்கள். இடி இடித்ததற்கும் நாங்கள்தான் காரணம் என்று நினைத்தார்களோ என்னவோ.

இவர் மட்டும் அலுக்காமல் அதோடு மல்லுக்கட்டினார். எப்போது பார்த்தாலும் சாப்பாட்டு மேசையில் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேட்டரி முனையில் பச்சை பிடித்திருந்தால் ரப்பரால் தேய்ப்பார். கண்ணை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, அட்டையை வளைத்து ஒரு குல்லாய் போட்டு வெயிலை மறைப்பார். பக்கத்து ஸ்டூடியோக்காரர்களும் தங்களுடையதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். “அண்ணாச்சி, இது கத்துனில்ல, ஒண்ணு நோக்கணும்” என்று எரியாததை நீட்டும் மலையாளி ஒருவர், “அண்ணே, இது தன்னாலே அடிக்குது” என்று ஒருவர். என் மேசையில் சோற்றுப்பானை வைக்க இடம் இருக்காது. ஆனால் அவர்கள் நல்ல மனிதர்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தெருக்களில் ஒரு முறை உண்டு. ஒரு போட்டோக்காரர் வீட்டில் விசேஷம் என்றால் மற்ற போட்டோக்காரர்கள் எல்லாரும் கேமராவோடுதான் வருவார்கள். வெறுங்கையோடு வருவது மரியாதை இல்லை.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது புடவை கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. வீட்டிலிருந்த ஆல்பங்களை எல்லாம் எடுத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது குத்து, பள்ளிக்கூடம் சேர்த்த நாள், கல்லாற்றுக்குப் போய்த் தண்ணீரில் கால் நனைத்தது, எல்லாம் இருந்தது. எல்லாவற்றிலும் அவளும் நானும். எடுத்த மனிதர் ஒன்றிலும் இல்லை. அன்று சாப்பிடும்போது அவரிடம் சொன்னாள்.

“எப்பா, ஒண்ணு கேக்கேன், செய்வியளா? கல்யாணத்தன்னிக்கு நீங்க கேமராவத் தொடப்பிடாது. தாலி கெட்டும்போ எனக்கப் பக்கத்துல இருக்கணும். அந்த ஒரு படத்துலயாவது நீங்க எனக்கக் கூட வேணும்.”

“அதுக்கென்ன மக்ளே, இருக்கேன்” என்றார். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. அந்த ஒரு படம் கிடைத்துவிட்டால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

படம் எடுக்கும் பொறுப்பை எதிர் ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்தார். மலையாளி, இவருக்கு உயிர்க் கூட்டாளி, நல்ல கை. “ஒரே கேமரா, ஒரே ஸ்லேவ், குழப்பம் வேண்டாம்” என்று இரண்டு பேரும் பேசி வைத்தார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் உட்காரும் பக்கத்தில் ஒரு தூண் இருந்தது. அந்தத் தூணோரமாக, எங்கள் தலைக்கு மேல் நல்ல உயரத்தில் இவரே ஃபிளாஷை நிறுத்தினார். கண்ணைக் கூட்டாளி நிற்கும் திசைக்குத் திருப்பினார். புதுப் பேட்டரி போட்டார். சோதித்துப் பார்த்தபோது ஒரு தடவைகூடப் பிசகவில்லை. “இனிமே பயமில்லட்டி” என்று என்னிடம் சிரித்தார். பட்டு வேட்டியில் அவரைப் பார்க்க எனக்கே புதிதாக இருந்தது.

முகூர்த்த நேரம் நெருங்க நெருங்க, போட்டோக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பாளையத்திலிருந்து, கரமனையிலிருந்து, நெய்யாற்றின்கரையிலிருந்து. எல்லார் கழுத்திலும் கேமரா. எல்லார் கையிலும் ஃபிளாஷ். அண்ணாச்சி மகள் கல்யாணமாயிற்றே! ஒருவருக்கொருவர் தோளில் தட்டிக்கொண்டு மேடைக்கு முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். இவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனால் என்ன சொல்ல முடியும்? அன்போடு வந்தவனிடம் ‘நீ ஃபிளாஷ் அடிக்காதே’ என்று எந்த வாயால் சொல்வது? தொழில் மரியாதை வாயைக் கட்டிப்போட்டுவிட்டது.

ஒருவர் அடித்தார். தூணோரத்து ஃபிளாஷும் அடித்தது. இன்னொருவர் அடித்தார், அதற்கும் அடித்தது. ஒரு தடவை அடித்தால் அதில் மறுபடி கரண்ட் நிறைவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். கீ என்று மெல்லிய சத்தம் வந்துகொண்டிருக்கும். நிறைந்த பிறகுதான் பின்னாலுள்ள சிவப்புப் பொட்டு எரியும். அது எரிவதற்குள் அடுத்தவர் அடித்துவிடுவார். போதாததற்கு மாப்பிள்ளையின் மாமா ஒருவர் கல்ஃபிலிருந்து வந்திருந்தார். கையில் அப்போது புதிதாக வந்த சின்ன டிஜிட்டல் கேமரா. அது ஒரு படத்துக்கு இரண்டு தடவை மின்னும். இந்த மண்டு ஃபிளாஷ் முதல் மின்னலுக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, வெறும் வயிற்றோடு நிற்கும்.

நாங்கள் தாரை வார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கைமேல் நான் மூக்குவைத்த கிண்டியிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறேன். ஐயர் மந்திரம் சொல்லுகிறார். இவர் கண் மாப்பிள்ளையிடம் இல்லை, மகளிடமும் இல்லை, தூணில் இருக்கிறது.

“சிவப்பு எரியல்ல” என்று முணுமுணுத்தார்.

“பேசாம இரியுங்க” என்றேன்.

“இருட்டா வரும்ட்டி. பிள்ள முகம் கறுத்துப் போவும்.”

தாரை முடிந்தது. தட்டில் தாலி வந்தது. இவர் கூட்டாளியைப் பார்த்துக் கையைக் காட்டினார், ஃபிளாஷைச் சுட்டினார். அவர் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே, “அண்ணாச்சி, அனங்ஙாம இருக்கணும், நாங்க ஒக்கெ உண்டல்லோ!” என்று, அசையாமல் இருக்கச் சொல்லிக் கத்தினார். எல்லாரும் இருந்ததுதானே வினை! அதைச் சொல்வதற்குள் நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்துவிட்டார். இனி யார் கத்தினாலும் யார் காதிலும் விழாது.

இவர் எழுந்தார்.

“எங்க போறிய?” என்று வேட்டி முனையைப் பிடித்தேன். பட்டு வேட்டி, கையில் நிற்கவில்லை. “இந்தா வந்துட்டேன்” என்று சொல்லி இரண்டு எட்டில் தூணுக்குப் போய்விட்டார். ஈரக்கையை அங்கவஸ்திரத்தில் துடைத்துவிட்டு, எம்பிக் கையை உயர்த்தி, அந்தக் கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். சுற்றிலும் ஃபிளாஷ் ஃபிளாஷாக அடிக்கிறது. இது மட்டும் ஒன்றும் தெரியாமல் நிறைந்துகொண்டிருக்கிறது. அவர் கழுத்தைத் திருப்பிச் சிவப்புப் பொட்டையே பார்க்கிறார். ‘வாங்க, வாங்க’ என்று மனசுக்குள் கூப்பிட்டேன். வாய்விட்டும் கூப்பிட்டேன். கெட்டிமேளம் கொட்டியது.

மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். தலை குனிந்திருந்த மகள் சட்டென்று பக்கத்தில் திரும்பினாள். அப்பா உட்கார்ந்திருந்த பலகை காலி. அப்புறம் நிமிர்ந்து தூணைப் பார்த்தாள். அந்த நொடியில் கூட்டாளி கண்ணால் சைகை காட்ட, இவர் உள்ளங்கையை எடுக்க, வெள்ளையாக ஒரு வெளிச்சம் மேடையையே நிறைத்தது. முடிச்சு விழுந்துவிட்டது. அட்சதை பறந்தது. இவர் அட்சதைக்குள் ஓடி வந்து பலகையில் உட்கார்ந்து, “கிடைச்சுட்டு, கிடைச்சுட்டு” என்றார். நான் அவர் முகத்தையே பார்க்கவில்லை. கல்யாணப் பெண்ணின் அம்மா அழுவதை யாரும் ஏன் என்று கேட்பதில்லை, அது ஒரு வசதி.

மறுவீட்டுக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்த அன்று காலையில்தான் பிரிண்ட் வந்தது. வந்த போட்டோக்காரர்கள் எல்லாருமே தங்கள் ரோலையும் கழுவிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். ஒன்றில் பாதி இருட்டு, ஒன்றில் மாப்பிள்ளை முகம் சுண்ணாம்பு, ஒன்றில் யாருடைய முழங்கையோ. பாவம், யாரைக் குறை சொல்ல? கூட்டாளி எடுத்தது மட்டும் அப்படியே விழுந்திருந்தது. தாலிக் கயிற்றின் மஞ்சள், மாப்பிள்ளையின் விரல், என் கையிலிருந்த கிண்டி, எல்லாம் தெளிவு. மகள் தூணைப் பார்த்துத் திரும்பியிருந்ததால் முகம் முழுக்க வெளிச்சம். அத்தனை அழகாக அவளை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அவள் பக்கத்தில், எனக்கும் அவளுக்கும் நடுவில், ஒரு வெறும் பலகை. அதுவும் கோடு கோடாகத் தெளிவாகத் தெரிந்தது.

நான் அன்று முழுக்கத் திட்டுவதற்குச் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். மாப்பிள்ளை கீழே ஸ்டூடியோவைப் பார்க்கப் போன நேரத்தில் ஆரம்பிக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் மகள் பிரிண்டைக் கையில் எடுத்துவிட்டாள். வெகுநேரம் பார்த்தாள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். படத்தில் ஆள்காட்டி விரலை வைத்தார்.

“லைட்டு பாத்தியா மக்ளே? கொஞ்சங்கூடச் சிதறல்ல.”

அவள் தலையை ஆட்டினாள்.

விரல் மெல்ல நகர்ந்து அந்தப் பலகைமேல் வந்து நின்றது. “நான் இங்க இருந்திருந்தேன்னு வையி, உனக்க முகத்துல நிழலு விழுந்திருக்கும்” என்றார்.

பொய். அந்த ஃபிளாஷ் அவர் எம்பித் தொடும் உயரத்தில் இருந்தது. உட்கார்ந்திருந்த மனிதரின் நிழல் யார்மேலும் விழாது. அது அவருக்குத் தெரியாதா? ஊரிலுள்ள எல்லார் ஃபிளாஷையும் சரிபார்த்தவருக்கு? விரலை எடுக்காமல், அவளை நிமிர்ந்தும் பார்க்காமல் அப்படியே இருந்தார். அடுக்கி வைத்த சொற்களை விட்டுவிட்டு நான் மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

மகள் அவர் விரலைப் பிடித்துப் படத்திலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“விழுந்தா விழட்டும்னு இருந்திருக்கலாம்லப்பா” என்றாள். “உங்க நிழல்தானே.”