கொலைகாரிக்கு

அண்ணா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. எட்டு வயதிலிருந்து நான் அவருக்குக் கொலைகாரி. கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலில் மாலையோடு நின்ற என்னிடம், "என்னாடி கொலைகாரி, மாப்பிள்ளைக்கு விசயம் தெரியுமா?" என்று சத்தமாகவே கேட்டார். என் மாமியார் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் சிரித்த சிரிப்பில் கண் மை கலைந்துவிட்டது.

அந்தப் பெயர் ஒரு டிவி கேமிலிருந்து வந்தது. ஒரு நத்தார் பண்டிகைக்கு அப்பா கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்து நடைபாதைக் கடையில் வாங்கிவந்தார். மஞ்சள் கசெட், இரண்டு ரிமோட். அதற்குச் சரியான பெயர் வேறு இருக்கலாம். மஹய்யாவையில் எங்கள் வீட்டில் அது ரிமோட்தான். கசெட்டை எடுத்து வாயால் ஊதிப் போட்டால்தான் படம் வரும். ஊதுவது அண்ணாவின் வேலை.

எங்களுக்குப் பிடித்த கேமில் இரண்டு சிப்பாய்கள் சுட்டுக்கொண்டே ஒன்றாகப் போவார்கள். நீலக் காற்சட்டை நான், சிவப்பு அண்ணா. மூன்றாவது கட்டத்தில் ஒரு பெரிய நீர்வீழ்ச்சி வரும். பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். முன்னால் ஏறுகிறவரோடு திரையும் மேலே போய்விடும். கீழே நிற்கிறவருக்குக் காலடியில் இடமே இருக்காது, விழுந்து செத்துப்போவார். எதிரி யாரும் சுடத் தேவையில்லை. அதனால் ஒருவருக்கொருவர் நின்று நின்று ஏற வேண்டும்.

எனக்கு நிற்கத் தெரியாது.

"நில்லுடி! நான் கீழ இருக்கேன்டி!" என்று அண்ணா கத்துவார். நான் அதற்குள் அடுத்த பாறைக்குத் தாவியிருப்பேன். "கொலைகாரி! கூடப் பொறந்தவனையே கொன்னுட்டியேடி!" என்று தலையணையால் அடிப்பார். அடுத்த ஆட்டத்திலும் நான் நிற்க மாட்டேன். அவர் ஒரு நாளும் என்னை விட்டுவிட்டு ஏறியதில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

பிறகு நான் ஆசிரியை ஆனேன். அண்ணா மத்திய கிழக்கில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஊருக்கு வந்த ஒரு நண்பரிடம் எனக்கு ஒரு சின்னப் பெட்டி கொடுத்துவிட்டிருந்தார். டிவியில் செருகும் கருவி, பழைய கேம்கள் நூற்றுக்கணக்கில், வயரில்லாத இரண்டு ரிமோட். பெட்டியின் மேல் பேனாவால் "கொலைகாரிக்கு" என்று எழுதியிருந்தார். வொய்ஸ் மெசேஜும் வந்தது: "லீவுல வாரேன். மூணாவது கட்டத்துல ஒனக்கு வச்சிருக்கேன்டி."

அவர் வரும்வரை திறப்பதில்லை என்று வைத்திருந்தேன்.

அடுத்த மாதமே இரும்புத் தகடு வெட்டும் இயந்திரத்தில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. பெருவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் போயின. மோதிர விரலும் சின்ன விரலும் மட்டும் மிஞ்சின. ஊருக்குத் திரும்பி வந்து மடுல்கெல்லையில் அண்ணியின் வீட்டில் இருந்தார். நான் அந்தப் பெட்டியை அலுமாரிக்கு மேலே சூட்கேசுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். அவர் கண்ணில் பட்டால் நொந்துபோவார் என்று நினைத்தேன். அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காததால் மறந்துவிட்டார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். என்னைக் கொலைகாரி என்று கூப்பிடுவதையும் அவர் நிறுத்தியிருந்தார். அதை மட்டும் என்னால் சமாதானப்படுத்த முடியவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பகல் சாப்பாட்டுக்கு வந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு என் ஆறு வயது மகள் கதிரையை இழுத்துப்போட்டு ஏறி அந்தப் பெட்டியை எடுத்துவந்துவிட்டாள். அவள் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிக்கொண்டிருக்கும் காலம். மாமாவுக்கு முன்னால் நின்று விரல் வைத்து வாசித்தாள்.

"கொ... லை... கா... ரிக்கு. அம்மா, கொலைகாரின்னா யாரு?"

அண்ணா என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இன்னும் தொறக்கவே இல்லியா? கொண்டாம்மா, பாப்போம்."

"வேணாம்ணா, பிறகு பார்க்கலாமே," என்றேன்.

"ஏன், பயமா?"

எங்கள் பழைய சிப்பாய் கேமைப் போட்டு, ஒரு ரிமோட்டை என்னிடம் தந்து, மற்றதைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். இடது பெருவிரலால் ஆளை நடத்தினார். வலது கையின் இரண்டு விரல்களையும் வளைத்துப் பட்டன்களை அமுக்கினார். முதல் கட்டத்தில் நாலு தடவை செத்தார். ஐந்தாவது தடவை தாண்டிவிட்டார். "பாத்தியா!" என்றார். மகள் கை தட்டினாள். அந்தப் பத்து நிமிடமும் அண்ணாவின் முகம் பழைய முகமாக இருந்தது. அடுத்து அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். என் ஆசையெல்லாம் அது ஒன்றுதான்.

மூன்றாவது கட்டம் வந்தது. நீர்வீழ்ச்சி.

அவர் தாவினார், எட்டவில்லை. மறுபடி தாவினார். நான் கீழ்ப் பாறையிலேயே நின்றேன்.

"ஏறு," என்றார்.

"நீங்க வாங்கண்ணா. நான் நிக்கிறேன்."

இன்னொரு தடவையும் அவருக்கு எட்டவில்லை. நான் மட்டும் மேலே போகக்கூடாது என்று நினைத்தேன். வேண்டுமென்றே பக்கத்துப் பள்ளத்தில் குதித்தேன். என் சிப்பாய் செத்தான்.

அண்ணா திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"வேணும்னே விழுந்தியா?"

"இல்லண்ணா, கை தவறிடுச்சி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

அவர் கோபப்படவில்லை. ரிமோட்டை உடுத்தியிருந்த சாரத்தில் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். "நீ ஒரு நாளாவது எனக்காக நின்னிருக்கியா?" என்று மெதுவாகக் கேட்டார். "இப்ப ஏன் நிக்கிற?"

"மாமா தோத்துட்டாரா?" என்று மகள் கேட்டாள்.

"ஆமாம்மா," என்றார் அண்ணா. தேநீர் குடித்தார். மழை வருவதற்கு முன் போக வேண்டும் என்று எழுந்தார்.

அன்றிலிருந்து கணக்கில்லாமல் யோசித்துவிட்டேன். விளையாடவே விட்டிருக்கக் கூடாதா? அழுதிருக்கலாமா? வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வாசிக்கக் கஷ்டமென்றால் நின்று, பொறுத்து, கூடவே வாசிப்பேன். ஆசிரியப் பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்தது அதுதான். ஆனால் அண்ணா என்னிடம் கேட்டது அதையல்ல. ஏறியிருக்க வேண்டும். ஏறி, அவரைக் கொன்று, தலையணை அடி வாங்கியிருக்க வேண்டும்.

நேற்று அவருக்கு, "அண்ணா, ஞாயிறு வாங்க. இந்த முறை நிக்க மாட்டேன்," என்று எழுதினேன். இரண்டாவது வரியை அழித்தேன். திரும்ப எழுதினேன். திரும்ப அழித்து, முதல் வரியை மட்டும் அனுப்பினேன்.

வொய்ஸ் மெசேஜில் பதில் வந்தது. "இந்த ஞாயிறு முடியாதும்மா. இங்க கொஞ்சம் வேல இருக்கு. நீங்க புள்ளையோட வெளையாடுங்க."

அவருக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமை வேலை எதுவும் இல்லை. எனக்கு அது தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

நான் தமிழ் படிப்பிக்கிறவள். ஒருமை பன்மைப் பிழைகளுக்குச் சிவப்புக் கோடு போடுகிறவள். அந்த "நீங்க" என் கணவரையும் சேர்த்துச் சொன்னதா, எனக்கு மட்டும் கொடுத்த மரியாதையா என்று காலையிலிருந்து மறுபடி மறுபடி போட்டுக் கேட்கிறேன். என் அண்ணா ஒரு நாளும் என்னை "நீங்க" என்று சொன்னதில்லை.