எழுபத்திரண்டாம் பக்கத்துச் சாமி

அந்தப் புத்தகத்தின் எழுபத்திரண்டாம் பக்கத்தைச் சித்தப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நடிகை இறந்து ஓராண்டு ஆவதற்குள், அவருக்குத் தன்மேல் காதல் இருந்ததாகச் சொல்லி வந்த மூன்றாவது புத்தகம் அது. முதலாவதை எழுதியவர் ஒரு பழைய தயாரிப்பாளர். இரண்டாவதை எழுதியவர் ஒரே ஒரு படத்தில் அவருக்கு அண்ணனாக நடித்தவர். இந்த மூன்றாமவர் அந்தக் காலத்தில் ஒளிப்பதிவாளரிடம் உதவியாளராக இருந்தாராம். நடிகை உயிரோடு இருந்தவரை இவர்களில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. செத்தவர் மறுப்பு அறிக்கை விடமாட்டார் என்கிற தைரியம்தான்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி, நாமகிரிப்பேட்டையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். மேட்டூரில் நடந்த ஒரு படப்பிடிப்புக்கு நாற்பது நாள் கார் ஓட்டப் போனவர், அப்படியே அந்த நடிகையோடு சென்னைக்குப் போய்ப் பதினோரு ஆண்டுகள் அவருக்கு வண்டி ஓட்டினார். நடிகையும் எங்கள் பக்கத்துக்காரர், மல்லசமுத்திரத்தில் பிறந்தவர். கேமராவுக்கு முன்னால் வாத்தியார் வைத்துப் பழகிய சுத்தத் தமிழ் பேசுவார். கார்க் கதவைச் சாத்தியதும், “ஏனுங்கண்ணா, ஊட்டுக்குப் போலாமுங்களா, பசி உசுரு போவுது” என்பாராம். காய்ச்சலிலும் களைப்பிலும் கோபத்திலும் ஊர்ப்பேச்சு தானாக வந்துவிடும். அந்தப் பேச்சுக்குச் சரியாகப் பதில் சொல்ல அங்கே இருந்த ஒரே ஆள் சித்தப்பா.

இந்த மூன்றாவது புத்தகத்தின் பதிப்பாளர் முதலில் சித்தப்பாவிடம்தான் வந்தார். பதினோரு வருஷம் கூடவே இருந்திருக்கிறீர்கள், நீங்கள் வாயால் சொன்னால் போதும், நாங்களே எழுதிக்கொள்கிறோம், கொஞ்சம் அப்படி இப்படி இருந்தால் நல்லது என்று குழைந்தார். சமையலறையில் சித்தி கிரைண்டரை நிறுத்திவிட்டார். “எனக்குக் காரு ஓட்டத்தான் தெரியுமுங்க. ரீல் உடத் தெரியாதுங்க” என்றார் சித்தப்பா. கிரைண்டர் மறுபடி ஓடியது.

எழுபத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது இதுதான். படப்பிடிப்பில் ஒருநாள் நடிகைக்குக் காய்ச்சல். புத்தகம் எழுதிய இவர் ஓடிப்போய்ச் சோடா வாங்கிவந்து கொடுத்தார். கண் கலங்கி, ஊர்ப்பேச்சில் ‘என்ற சாமி’, அதாவது என்னுடைய சாமி, என்றாராம் அவர். ஒரு பெண் ஒருவனைத் தன் சாமி என்றால் அதற்குமேல் விளக்கம் வேண்டுமா, அந்தச் சொல்லால் எனக்கு மாலையிட்டாள் என்று தொடங்கி இருபது பக்கத்துக்கு உருகியிருந்தார் மனிதர். எங்கள் பக்கத்தில் குழந்தையைக் கொஞ்சவும் சாமி, பெரியவரைக் கூப்பிடவும் சாமி, பஸ்ஸில் நகர்ந்து உட்காரச் சொல்லவும் சாமி. சித்தப்பா சிரித்தது அதற்குத்தான்.

அந்தச் சிரிப்பு இரண்டே நாளில் நின்றுபோயிற்று. நடிகையின் ஒரே மகள் கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். “மாமா, பொண்ணுக்கு அடுத்த மாசம் நிச்சயம் வெச்சிருக்கறோம். சம்பந்தி ஊட்டுல அந்தப் புஸ்தகத்தைப் படிச்சுட்டு ஒரு மாதிரியா பேசறாங்க. அம்மா அப்படியாப்பட்டவங்களா மாமா? நீங்க சொன்னா நம்பிக்கறேன்.” “உனக்கு மட்டும் சொன்னாப் பத்தாது கண்ணு. நாலு பேரு முன்னால சொல்றேன்” என்றார் சித்தப்பா. அவரையும் பேச அழைத்துப் பதிப்பாளர் அனுப்பி, வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்த புத்தக அறிமுக விழா அழைப்பிதழைத் தேடி எடுத்தார்.

நடிகை பிறந்த பக்கம் என்பதால் விழாவைச் சேலத்தில் வைத்திருந்தார்கள். அவர்கள் செய்த பிழை அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, மண்டபம் நிறைந்த கூட்டம். எழுத்தாளர் ஜிப்பாவும் நரைத்த தலையுமாக மேடையில் இருந்தார். டீத் தட்டோடு மேடையேறிய மண்டபத்து வேலைக்கார அம்மா ஒருவர் அவரிடம் குனிந்து, “எடுத்துக்குங்க சாமி, ஆறிப்போயிரும்” என்றார். அடுத்துச் சித்தப்பாவைப் பேச அழைத்தார்கள். மைக்கைப் பிடித்தவர் முதலில் அந்த அம்மாவைத்தான் கேட்டார். “இப்ப அவுருகிட்ட என்னங்க சொன்னீங்க?” அவர் பயந்துபோனார். “டீ எடுத்துக்குங்க சாமின்னனுங்க. தப்புங்களா?” “தப்பே இல்லீங்க” என்ற சித்தப்பா, புத்தகத்தைத் திறந்து எழுபத்திரண்டாம் பக்கத்தை நிதானமாக வாசித்தார். முன்வரிசையில் ஒருவர் சிரித்தார், பிறகு மண்டபமே சிரித்தது. சித்தப்பா கையை உயர்த்தி அடக்கினார்.

“சிரிக்கறதுக்குச் சொல்லலீங்க. அந்தம்மா லைட்டு புடிச்சவரையும் சாமின்னாங்க, மேக்கப்புக்காரரையும் சாமின்னாங்க. வாசல்ல கெடந்த நாய்க்குக்கூட சாமின்னுதான் சோறு வெப்பாங்க. இவுரு பொய் சொல்லலீங்க. நம்ம பேச்சு இவுருக்கு வெளங்கல. ஆனா வெளங்காததை அச்சடிச்சா ஒரு குடும்பம் தலைகுனிய வேண்டியிருக்குது.” அவ்வளவுதான் பேசினார். பக்கத்து நாற்காலிக்காரர் கேட்காமலே, “அவர் எங்க சித்தப்பா” என்று நான் சொன்னேன். அன்றைக்கு யார் கிடைத்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

விழா முடிந்ததும் பதிப்பாளர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எழுத்தாளரை ரயிலேற்றிவிட ஆளில்லை. சித்தப்பாதான் கார்க் கதவைத் திறந்துவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை, பின்சீட்டில் உம்மென்று இருந்தேன். ஜங்ஷன் நெருங்கும்போது அந்தப் பெரியவர் மெல்லக் கேட்டார். “அப்போ அவங்களுக்கு என்மேல ஒண்ணுமே இல்லையா? இத்தனை வருஷமா அந்த ஒரு வார்த்தையைத்தான் வெச்சுக்கிட்டு இருந்தேன்.” என் கோபம் அந்த இடத்தில் இறங்கிவிட்டது. “இருந்துச்சுங்க. பிரியமில்லாம அந்தச் சொல்லு வாய்ல வராதுங்க. அவுங்களுக்கு எல்லார்த்து மேலயும் இருந்துச்சு, உங்க மேலயும் இருந்துச்சு” என்றார் சித்தப்பா. அடுத்த பதிப்பில் அந்த இருபது பக்கமும் இருக்காது என்று சொல்லிவிட்டு இறங்கினார் பெரியவர். சொன்னபடி செய்தார்.

நிச்சயம் நடந்தது. நானும் போயிருந்தேன். தட்டு மாற்றும் முன் தாய்மாமன் யார், முன்னால் வரட்டும் என்றார் சம்பந்தி. நடிகையின் மகளுக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சபைக்கு நடுவில் நிறுத்தினாள் அவள்.

“எங்கம்மாவுக்கு அண்ணனுங்க” என்றாள்.