பால் ஊற்றிய மண்

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. மண் துகள்களின் பரப்பளவை அளக்க வேண்டும். ஒரு ஸ்பூன் களிமண்ணில் இருக்கிற துகள்களின் மேற்பரப்பை எல்லாம் விரித்தால் ஒரு கல்யாண மண்டபத்தையே மூடிவிடும். பரப்பு கூடக் கூட மண் தண்ணீரைக் குடித்து உப்பும், மேலே கட்டிய சுவர் விரிசல் விடும். "மண்ணை எடை போட்டுச் சம்பளம் வாங்குறவ என் பொண்டாட்டி ஒருத்திதான்" என்று என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

சேலையூர் வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது அவருக்கு வெறி. கீழ்க்கட்டளையில் அரை கிரவுண்டு வாங்கினோம். ஏரிப் பக்கம் என்பதால் எனக்குப் பயம். மண்ணைப் பார்க்காமல் செங்கல் இறக்கக் கூடாது என்றேன். பூமி பூஜை முடிந்த கையோடு அவரே ஒரு பையில் மண் கொண்டுவந்து கொடுத்தார். திறந்தால் மஞ்சள் நிறம், நெய் வாசனை.

"பூஜைக் குழியிலயா எடுத்தீங்க?"

"அதுதாம்மா நல்ல எடம். மந்திரம் சொன்ன எடம்."

"பாலும் நெய்யும் ஊத்தின மண்ணை எப்படிங்க அளக்கறது? நெய் போய்த் துகளையெல்லாம் மூடிக்கும்."

"உன் லேபுக்குப் பக்தியே கிடையாது" என்று சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை போய், மனையின் மூலையில் ஆழமாகத் தோண்டி வேறு மண் கொண்டுவந்து வைத்தார்.

செவ்வாய்க்கிழமை ஆபீசில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. தகனம் முடிந்த மறுநாள் சுடுகாட்டுக்குப் போய் வந்த கொழுந்தனார், "பால் ஊத்திட்டோம் அண்ணி" என்றார். எனக்கு மஞ்சள் படிந்த அந்த முதல் பைதான் நினைவுக்கு வந்தது.

லீவு முடிந்து வேலைக்குப் போனதும் என் கணவர் கொண்டுவந்த இரண்டாவது மண்ணை எடுத்தேன். காயவைத்து, சலித்து, சின்ன டப்பியில் போட்டு, அதற்கென்று இருக்கிற திரவத்தை ஊற்றி, காற்றை உறிஞ்சிய கண்ணாடி ஜாடிக்குள் மூடி வைத்தேன். மிஞ்சிய திரவம் ஆவியாகிப் போய், துகள்மேல் ஒட்டியது மட்டும் தங்கும்வரை தினமும் எடை பார்க்க வேண்டும். எடை குறைந்துகொண்டே வந்தது. அது நிற்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். நின்றுவிட்டால் அவருக்காகச் செய்ய எனக்கு வேறு வேலை கிடையாது.

ஒரு நாள் நின்றது. ஒட்டிய திரவத்தின் எடையை வைத்துக் கணக்குப் போட்டேன். பரப்பு குறைவு, உப்பாத மண். நான் பயந்ததெல்லாம் வீண்.

"நல்ல மண்ணுங்க, தாராளமா கட்டலாம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பக்கத்து மேஜைக்காரர் தலையைத் தூக்கி, "யார்கிட்ட மேடம் பேசுறீங்க?" என்று கேட்டார். என் கணவர் போன நாளில்கூட வராத அழுகை அப்போதுதான் வந்தது.