ஆந்தை மரத்துக்குப் போன நம்ம ஆட்கள்

இன்று பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, சித்தேரி மலையில் எங்கள் பறவை ஆர்வலர் குழு எடுத்த கணக்கெடுப்பை இணையதளத்தில் தேடி டவுன்லோடு செய்தேன்.

ஆந்தைக் கூடு இருக்கும் இடத்துக்கு ஊர்ப் பெயர் மட்டும்தான் போடுவோம் என்பது நாங்கள் கொடுத்த வாக்கு. ஆந்தை பிடித்து விற்க ஆட்கள் அலைகிறார்கள். அந்த வாக்கை நம்பித்தான் மலைமேல் குடியிருக்கும் பொன்னுசாமி அண்ணன் எங்களுக்குக் கூடு இருக்கும் மரத்தைக் காட்டினார்.

ஃபைலில் இருந்த புள்ளியைத் தொட்டேன். மேப் நேராக மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தியது.

தகவலை ஏற்றியவன் எங்கள் குழுவில் இருக்கும் குமரன். கூப்பிட்டேன்.

"இடத்த மறைச்சா முழுமையில்லாத பதிவுன்னு வருதுக்கா. பச்ச டிக் விழாது. அதையெல்லாம் யாருக்கா தேடப் போறாங்க?"

ஒரு பச்சை டிக்குக்காகக் காட்டிக்கொடுத்திருக்கிறான்.

பொன்னுசாமி அண்ணனிடம் நானே சொல்லிவிடலாம் என்று போன் போட்டேன். அவர் முந்திக்கொண்டார்.

"உங்க ஆளுங்க ரெண்டு பேரு காலையில வந்தாங்கம்மா. நான் வழி காட்டவே வேண்டியதில்ல, போனப் பாத்துக்கிட்டே நேரா மரத்துக்குப் போயிட்டாங்க. உங்க ஆளுங்களாச்சேன்னு சாப்பாடு போட்டுத்தான் அனுப்புனேன்."

இன்று காலை சித்தேரிக்குப் போன எங்கள் ஆட்கள் யார்? குழுவில் யாராவது போயிருந்தால் கீழே கமென்ட்டில் சொல்லுங்கள். பொய்யாகவாவது சொல்லுங்கள்.