கல்யாண ஊர்வலத்துக்கு ஒரு ஜட்காக் குதிரை

என் தோஸ்துக்குக் கல்யாணம் நிச்சயமானதில் எல்லோருக்கும் சந்தோஷம், அவனைத் தவிர. மாப்பிள்ளை குதிரையில்தான் வரவேண்டும் என்று ராயபுரத்துப் பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். அவனோ குதிரை தும்மினாலே தெருவின் எதிர்ப்பக்கம் போகிறவன்.

"மாமு, நீதான காலேஜ்ல குதிரை ஏறுற? எனக்கும் கத்துக்குடு. மச்சானுங்க முன்னால வுழுந்தேன்னு வையி, ஆயுசுக்கும் சிரிப்பானுங்கோ."

நான் என்.சி.சி. குதிரைப் பிரிவில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் நூலகத்தில் ஒரு குதிரையேற்றப் புத்தகம் படித்திருந்தேன். அடிக்காமல், கடிவாளத்தால் வாயைப் புண்ணாக்காமல், குதிரையையும் ஆளையும் சேர்த்தே பழக்கலாம் என்றது அது. செய்துபார்க்கக் கை துறுதுறுத்துக் கொண்டிருந்தது.

ஊர்வலத்துக்குப் பேசியிருந்தது எங்கள் தண்டையார்பேட்டைத் தெரு ஜட்காக்காரரின் பெண் குதிரை. காலையில் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ச் சேணம் கட்டி, தோஸ்தை ஏற்றினோம். குதிரை நகரவே இல்லை.

"சாட்டையால ரெண்டு போடு நைனா," என்றார் ஜட்காக்காரர்.

"அடிக்கக் கூடாது."

சட்டென்று பொறி தட்டியது. வண்டி ஓட்டும்போது அவர் சாட்டைக் கம்பைச் சக்கரத்துக்குள் விட்டுக் கடகடக்க வைப்பார். அந்தச் சத்தம் கேட்டால்தான் அது நடக்கும். இங்கே சக்கரம் ஏது? ஈரமணலில் பக்கத்திலேயே சைக்கிள் ஓட்டினேன். "நட" என்று சொல்லிவிட்டு, சக்கரக் கம்பிகளில் ஒரு குச்சியைக் கொடுத்தேன். கடகட! குதிரை கிளம்பிவிட்டது.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவ அம்மா கேட்டாள்: "இன்னாபா, குதிரைக்கு சைக்கிள் கத்துக் குடுக்கிறியா?"

சில நாளில் குச்சி வேண்டியிருக்கவில்லை. "நட" என்றாலே நடந்தது. தோஸ்துதான் தேறவில்லை. பயத்தில் படகுக் கயிறு மாதிரிக் கடிவாளத்தை இழுப்பான். குதிரை பின்னோக்கியே நடக்கும். கடிவாளத்தைப் பிடுங்கிக்கொண்டேன். நீளக் கயிற்றில் குதிரையைக் கட்டி என்னைச் சுற்றி நடக்கவிட்டு, அவன் கைக்கு ஒன்றாக இரண்டு டீ கிளாஸைக் கொடுத்தேன்.

"சிந்தாம வா."

"சுடுது மாமு!"

முதலில் சட்டையெல்லாம் டீ. போகப்போக இடுப்பு இளகி, குதிரையோடு சேர்ந்து அசைய ஆரம்பித்தது. ஒரு நாள் சுற்றிக்கொண்டே டீயைக் குடித்து முடித்துவிட்டு, "பன்னு கீதா?" என்றான்.

கல்யாணத்தன்று, பெண் வீட்டு வாசலில் யாரோ சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். குதிரை பக்கவாட்டில் துள்ளியது. ஜட்காக்காரர் சாட்டையை ஓங்க, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தோஸ்து கடிவாளத்தை இழுக்கவில்லை. உடம்பைத் தளர்த்தி உட்கார்ந்து, கழுத்தைத் தடவி, "ஒண்ணுமில்லமா, ஒண்ணுமில்ல," என்றான். குதிரை நீளமாக ஒரு மூச்சு விட்டு நின்றது. நான் ஜட்காக்காரர் கையை விட்டேன்.

"எறங்குங்க மாப்ள," என்றார் பெண் வீட்டு மச்சான்.

முகத்தை மறைத்த மல்லிகைச் சரத்துக்குள்ளிருந்து பதில் வந்தது: "இருங்க பாய். அந்த முக்கு வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துர்றேன்."